கஞ்சி என்று எழுதிய பாட்டில்

மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்தவர் பெயர் ரெஜினா. கற்றுக்கொள்ள வந்தவர் பாண்டீஸ்வரன். ஆசிரியைதான் வயதில் சின்னவர். மாணவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியாராக இருந்தவர், நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, சின்ன மகளை ஊரில் விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார்.

பாண்டீஸ்வரன் ஆராய்ந்தது பூஞ்சையை. பறித்த திராட்சை ஏன் இவ்வளவு சீக்கிரம் அழுகுகிறது, பூஞ்சை எந்த வழியாகத் தோலுக்குள் நுழைகிறது, இதுதான் அவருடைய கேள்வி. சில கொத்துகளில் பூஞ்சையைத் தூவி வைப்பார். ஒரு கொத்தை மட்டும் பூஞ்சை அண்டாமல் பக்கத்தில் வைப்பார். அது ஒப்பிட்டுப் பார்க்க. அழுகுகிற கொத்தை உருப்பெருக்கியில் வைத்து நாள் முழுக்கப் பார்ப்பார். அழுகாத கொத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார். வேலை முடிந்தால் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்.

அவருக்கு ஒரு பயம் உண்டு. பக்கத்துக் கட்டடத்தில் ஒருவர் கண்டுபிடித்ததை வேறு யாரோ தன் பெயரில் வெளியிட்டுவிட்டதாக ஒரு பேச்சு. நிஜமோ பொய்யோ, தெரியாது. அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் அறைக்கு இரண்டு பூட்டு. யாராவது தட்டினால், தட்டுகளைத் துணியால் மூடிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். பாட்டிலில் இருப்பதன் பெயரைப் பாட்டில்மேல் எழுத வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தின் வழக்கம். அவர் அதையும் விட்டுவிட்டார். வேறு ஏதாவது எழுதி ஒட்டுவார். வேவு பார்க்க வருகிறவன் ஏமாந்து போகட்டும் என்று.

சார் அறையில் உப்பு என்று எழுதியிருந்தால் அது சர்க்கரை என்று ரெஜினா கேலி செய்வதுண்டு. அவர் சிரித்துக்கொள்வார். மாற்றிக்கொள்ள மாட்டார்.

ஒருநாள் இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். ஒவ்வோர் அறையும் தன் ஆராய்ச்சியிலிருந்து ஜனங்கள் வாங்குகிற மாதிரி ஒரு பொருளைக் காட்ட வேண்டும். காட்ட எதுவும் இல்லாத அறையை மூடிவிடலாம் என்று மேலே பேச்சு நடக்கிறது.

பாண்டீஸ்வரனுக்குக் கை கால் ஓடவில்லை. அறையை மூடினால் பாதி ஆராய்ச்சியோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் என்ன வாத்தியாரே, படிப்பு முடிஞ்சதா என்று கேட்பார்கள். 

நேரே ரெஜினாவிடம் போனார்.

"மேடம், நம்ம ஆராய்ச்சியில எது விலைபோகும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நீங்க எதை நினைக்கிறீங்க?"

"பூஞ்சை நுழையற வழியைக் கண்டுபிடிச்சிருக்கேன்."

"அதைப் பையில போட்டுக் குடுத்தா யாரு வாங்குவா?"



 ரெஜினாவே ஒரு வழி சொன்னார்.

"அறையைப் பூட்டாதீங்க சார். கொஞ்ச நாள் திறந்தே இருக்கட்டும்."

"திறந்து போட்டா எடுத்துட்டுப் போயிடுவாங்களே."

"எதை எடுக்கறாங்கன்னு பாருங்க."

ஆசிரியை சொல்லிவிட்டார். சொல்லைத் தட்ட முடியவில்லை. பாண்டீஸ்வரன் கதவைத் திறந்து போட்டுவிட்டு, திறந்த கதவுக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்து வேலை பார்த்தார். நடையில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுதுகிற கை நின்றுவிடும். சாப்பிடப் போனால் பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிடுவார்.

முதலில் உள்ளே வந்தவள் ஒச்சம்மாள். ஆய்வுக்கூடத்துக்குத் திராட்சை கொடுக்கிறவள் அவள்தான். மிச்ச நேரத்தில் வாசலில், பஸ் நிற்கிற இடத்தில், கூடை வைத்து விற்பாள்.

"என்ன வாத்தியாரே, கதவு தொறந்து கெடக்கு? சாவியத் தொலைச்சுப்புட்டீகளா?" என்றபடி கூடையை இறக்கினாள். இத்தனை நாளும் அவளை வாசல்படிக்கு வெளியே நிறுத்தித்தான் பழம் வாங்கியிருந்தார். இப்போது அவள் அறை முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். உருப்பெருக்கியைப் பார்த்தாள். அழுகிய கொத்துகளைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். பிறகு அலமாரி ஓரத்தில் கிடந்த, ஒப்பிட்டுப் பார்க்கிற கொத்தின் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

அது அவள் எப்போதோ கொடுத்த பழம். காம்பு மட்டும் காய்ந்திருந்தது. பழம் அன்றைக்குப் பறித்த மாதிரி திண்ணென்று இருந்தது. இதுல என்னத்தத் தடவியிருக்கீக என்று கேட்டாள்.

பாண்டீஸ்வரன் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். புளியங்கொட்டையை வறுத்து, மாவாக்கி, பசையாகக் காய்ச்சி, அதில் பூஞ்சையைக் கொல்லுகிற மருந்து ஒன்றைக் கலந்திருந்தார். மருந்து பழத்தில் ஒட்டி நிற்கத்தான் பசை. அது என்ன மருந்து, எவ்வளவு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ரெஜினாவுக்கும் சொல்லவில்லை. அந்தப் பாட்டில்மேல் கஞ்சி என்று எழுதி ஒட்டியிருந்தார்.

"கஞ்சிதான்," என்றார். "தூசி படாம இருக்க."

"சேலைக்குப் போடுற கஞ்சியா?"

"ஆமா. அதேதான்."

ஒச்சம்மாள் பாட்டிலை ஒரு பார்வை பார்த்தாள். உதடு மெல்ல அசைந்தது. தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பாடா, நம்பிவிட்டாள் என்று அவர் மூச்சு விட்டார்.

அதற்குப் பிறகுதான் பாட்டில் குறைய ஆரம்பித்தது.

முதலில் தன் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்தார். மறுபடி காய்ச்சி ஊற்றி வைத்தார். அதுவும் குறைந்தது. ரெஜினாவிடம் ஓடினார். திருடன் வந்துவிட்டான், கம்பெனி ஆள்தான், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எல்லாவற்றையும் சுருட்டப் பார்க்கிறான், இன்றைக்கே பூட்டிவிடுகிறேன் என்றார்.

"பூஞ்சைத் தட்டைத் தொட்டிருக்கானா?" என்று ரெஜினா கேட்டார்.

"இல்ல."

"உருப்பெருக்கி?"

"அப்படியே இருக்கு."

"வேற எதையாவது?"

"கஞ்சி பாட்டில் ஒண்ணுதான் மேடம்."

ரெஜினாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பயம் கூடியது. நாளைக்குக் காலையில என் அறைக்கு வாங்க, உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் போனபோது, மேசைமேல் ஒரு தட்டில் திராட்சைக் கொத்து இருந்தது. கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. பழங்களின்மேல் மெல்லிசாக ஒரு பளபளப்பு.

"இது எங்க வாங்கினது சொல்லுங்க?"

அவர் தெரியாது என்று தலையசைத்தார்.

வாசலில், ஒச்சம்மாளிடம் வாங்கியது என்றார் ரெஜினா. பறித்து ஒரு வாரம் ஆகியும் வாடாமல் இருக்கிறதாம். அக்கம்பக்கத்துக் கூடையெல்லாம் ஈ மொய்க்கிறது, இவள் கூடையில் மட்டும் கூட்டம். என்ன மாயம் என்று கேட்டால், ஒங்க வாத்தியாரு கஞ்சிதான் மேடம், சும்மா சேலைக் கஞ்சி, அவருட்டச் சொல்லிப்புடாதீக என்று சிரிக்கிறாளாம்.

"நீங்க அழுகறதையே பார்த்தீங்க சார். அவ அழுகாததைப் பார்த்திருக்கா. வெள்ளிக்கிழமைக்கு என்ன காட்டறதுன்னு கேட்டீங்கல்ல? இதான்."

சொல்லிக்கொண்டே ஒரு பழத்தைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனார்.

பாண்டீஸ்வரன் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். பழம் தரையில் விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது. தட்டும் சாய்ந்தது.

ரெஜினா தன் கையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். மாணவர் ஒருவர் ஆசிரியையின் கையை அடித்தது அந்தக் கட்டடத்தில் அதுவரை நடந்ததில்லை.

"ஏன் சார்?"



"அது கஞ்சி இல்ல மேடம்."



பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மருந்தின் பெயரைச் சொன்னார். அது இலைமேல் அடிக்கிற மருந்து, தின்கிற பழத்துக்கு ஆகாது. உள்ளே போனால் ஈரலில் தங்கும். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அதன் பக்கமே போகக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அவர் அந்த டப்பாவையும் கிழித்துப் போட்டுவிட்டிருந்தார்.

"காலையில நாலஞ்சு பழம் சாப்பிட்டேன்," என்றார் ரெஜினா.

மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மேசை விளிம்பை விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. ஆசிரியை பயந்து அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்."

"உங்க பேர்ல போயிடுமோன்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

ரெஜினா தண்ணீர் எடுத்துக் குடித்தார். எழுந்தார்.

"வாங்க. வாசலுக்குப் போவோம்."

"மேடம், எல்லாரும் நிப்பாங்க. நாமளே கூடையை மொத்தமா வாங்கிட்டா என்ன? யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாமே."

"நேத்து வாங்கிட்டுப் போனவங்களுக்கு?"

அவர் பின்னால் நடந்தார். வாசல் வரைக்கும் போகிற அந்த வழி அவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

பஸ் வருகிற நேரம். கூடையைச் சுற்றிப் பத்துப் பேருக்கு மேல் நின்றார்கள். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒச்சம்மாள் இவர்களைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பாக, மேடம் போட்டுக் குடுத்துட்டீகளா, வாத்தியாரு பங்கு கேட்டு வந்துட்டாரே என்றாள். நின்றவர்களும் சிரித்தார்கள்.

ரெஜினா ஒதுங்கி நின்றுகொண்டார்.  பாண்டீஸ்வரன் அவரைத் திரும்பிப் பார்த்தார். ரெஜினா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாண்டீஸ்வரன்தான் பேச வேண்டியிருந்தது. இந்தப் பழத்தை யாரும் தின்னாதீங்க என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னார். இதில் தடவியிருப்பது மருந்து, விஷ மருந்து, அதைக் கலந்தது நான் என்றார்.

சிரிப்பு ஒவ்வொரு முகமாக நின்றது. பிள்ளைக்காரி அந்தக் கணமே பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி, சப்பிக்கொண்டிருந்த பழத்தை வெளியே எடுத்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. யாரோ பையைக் கீழே கொட்டினார்கள். யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். அவர் விலக்கவில்லை.

ஒச்சம்மாள் மட்டும் அசையாமல் நின்றாள். அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வாய்க்கு வேறெதுவும் பிடிக்கவில்லை என்று தினமும் ஒரு கிண்ணம் திராட்சை கொடுத்திருந்தாள். இந்தப் பழத்தைத்தான்.

அவள் திட்டவில்லை. கிட்டத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"பாட்டில்ல எழுதியிருந்துச்சே வாத்தியாரே. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேனே."

ஆய்வுக்கூடத்து ஜீப்பில் மகளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் வழியெல்லாம் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஒண்ணும் செய்யலம்மா, ஒண்ணும் செய்யல என்று தாயிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். முன்சீட்டில் இருந்த பாண்டீஸ்வரனுக்கு அது ஒவ்வொரு தடவையும் காதில் விழுந்தது.

டாக்டர் வெளியே வந்து, என்ன மருந்து, எவ்வளவு கலந்தீர்கள், எதில் கலந்தீர்கள், எத்தனை நாள் என்று கேட்டார். நடையில் ஜனங்கள் நின்றார்கள். நர்சுகள் நின்றார்கள். இரண்டு பூட்டுப் போட்டு வைத்திருந்ததை அவர் அத்தனை பேர் முன்னாலும் ஒன்றுவிடாமல் சொன்னார். சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சத்தமாகச் சொன்னார்.

ரெஜினா தானும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்து, மைக் கட்டிய ஆட்டோ ஒன்றைத் தெருத் தெருவாக அனுப்பினார். ஆய்வுக்கூடத்து வாசலில் வாங்கிய திராட்சையை யாரும் தின்ன வேண்டாம், தின்றவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரவும் என்று அது கத்திக்கொண்டு போனது. மத்தியானம் முழுக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் பாண்டீஸ்வரன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். அவர்கள் வெளியே வருகிற வரைக்கும் உட்காரவில்லை.

பொழுது சாயும்போது டாக்டர் வந்தார். அநேகம் பேர் கழுவித் தின்றதால் மருந்தில் பெரும்பகுதி தண்ணீரோடு போயிருக்கிறது. வந்தவர்களில் யாருக்கும் இப்போதைக்குக் கெடுதல் தெரியவில்லை. வயிற்றுப்பிள்ளையின் துடிப்பு சரியாக இருக்கிறது. ஆனாலும் பிரசவம் வரைக்கும் அந்தப் பெண் வாராவாரம் வந்து காட்ட வேண்டும்.

ஒச்சம்மாள் மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவரைக் கடந்து போனாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள். பாண்டீஸ்வரன் அறையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ரெஜினா வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை என்று முடிவு வந்திருந்தது. அதைச் சொன்னார். 

"பள்ளிக்கூடத்துக்கே போயிடறேன் மேடம்," என்றார் அவர். "விக்கிறதும் வேண்டாம், கண்டுபிடிக்கிறதும் வேண்டாம். எந்தக் குழந்தை எதைத் தின்னாலும் எனக்குப் பக்குன்னு இருக்கு."

"மருந்து எதுக்குக் கலந்தீங்க?"

"பூஞ்சை வராம இருக்க."

"பசை?"

"மருந்து ஒட்டறதுக்கு."

"மருந்தே இல்லாம பசையை மட்டும் தடவினா பழம் நிக்குமா?"

அவர் சாக்குக் கயிற்றை அப்படியே கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தெரியாது மேடம். பார்த்ததில்ல."

"பாருங்க."

"பார்க்கறதுக்கு அறை வேணுமே. நாளைக்கு வர்றவங்க என்ன இருக்குன்னு கேப்பாங்க. ரகசியமும் ஊர் முழுக்கப் போச்சு. என்ன சொல்றது?"

"இப்ப ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. நடந்ததையும் சொல்லுங்க. நானும் பக்கத்துல நிக்கறேன்."

"மூடிடுவாங்க."

"மூடலாம்."

வெளியே பஸ் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. இறங்கியவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். பாண்டீஸ்வரன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மூடாம, சரி, அந்தப் பசையை எப்பத்தான் விக்கலாம்னு கேட்டாங்கன்னா? அது எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

ரெஜினா எழுந்தார்.

"உங்க மகளுக்கு எத்தனை வயசு சார்?"

"எட்டு."

"எல்லாச் சோதனையும் முடியட்டும். சரியா இருக்குன்னு எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் ஒரு பழத்தைப் பிச்சு நீங்களே அவ வாய்கிட்ட கொண்டு போங்க. அப்ப உங்க கை சொல்லும்."